சூரிக் ஸ்ட்ரீட் பரேட்: பெங்களூரிலிருந்து கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத்தில் நடக்கும் ஸ்ட்ரீட் பரேடுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். 2018-ல் ஆபீஸ் வேலையாக அங்கே தங்கியிருந்தபோது ஒரு முறை, 2023-ல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு முறை. அந்தப் படங்களை ஸ்டேட்டஸில் வைத்த நாளிலிருந்து கேள்விகள் நின்றபாடில்லை. ஆன்சைட் போகிற டீம் பிள்ளைகள், அல்சூரில் இருக்கும் என் சித்தி பெண்கள், அவர்களுடைய ரூம்மேட்கள் என்று யார் கேட்டாலும் சந்தேகங்கள் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்புவதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அக்கா, ஸ்ட்ரீட் பரேட்னா என்ன? கச்சேரியா, ஊர்வலமா?

ஊர்வலம்தான், டெக்னோ மாதிரியான எலக்ட்ரானிக் நடன இசையோடு. ஆகஸ்ட் மாதத்தில், பெரும்பாலும் இரண்டாவது சனிக்கிழமை, சூரிக் ஏரிக்கரையில் நடக்கும். மதியம் ஆரம்பித்து நள்ளிரவு வரை போகும். கிட்டத்தட்ட முப்பது லாரிகள் வரும், அவற்றுக்கு ‘லவ் மொபைல்’ என்று பெயர். ஒவ்வொன்றிலும் ஒரு டிஜே, ஆடுகிறவர்கள், ஆள் உயர ஸ்பீக்கர்கள். உட்டோகேயில் கிளம்பி, பெல்வியூ சதுக்கத்தைத் தாண்டி, கேப்ரூக்கே பாலத்தில் ஏறி, ப்யூர்க்லிப்ளாட்ஸ் வழியாக எங்கே துறைமுகத்தில் போய் முடியும். (‘எங்கே’ என்பது இடத்தின் பெயர். அம்மா மறக்காத ஒரே ஜெர்மன் பெயர் அது.) மொத்தமே இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். வழி நெடுக நிலையான மேடைகளும் உண்டு.

அல்சூர்க்காரர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: நம் பல்லக்கு உற்சவம் மாதிரி. இரவெல்லாம் பூப்பல்லக்குகள் சீரியல் லைட்டோடு ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து வரும், ஒன்றின் மேளம் தேயும்போதே அடுத்ததன் மேளம் கேட்கத் தொடங்கும் இல்லையா? அதே நடை, அதே காத்திருப்பு. கூட்டம்தான் வேறு அளவு. நல்ல வருடங்களில் பத்து லட்சம் பேர் வரை வருகிறார்கள். அந்த நகரத்தின் மக்கள்தொகையே சுமார் நாலரை லட்சம்தான்.

நிஜமாவே ஃப்ரீயா? டிக்கெட், பாஸ், ரெஜிஸ்ட்ரேஷன் எதுவும் வேண்டாமா?

எதுவும் வேண்டாம். கேட் கிடையாது, கையில் கட்டும் பட்டை கிடையாது. தெருவில் இறங்கி நடந்தால் பரேடுக்குள் இருக்கிறீர்கள். யாராவது பாஸ் தருகிறேன் என்று பணம் கேட்டால், அது அன்று மாலையோ இரவோ வேறு கிளப்பில் தனியாக நடக்கும் பார்ட்டியாக இருக்கும். அது வேறு, இது வேறு.

இலவசமாக இருப்பதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. 1989-ல், பெர்லின் சுவர் இடிவதற்குச் சில மாதங்கள் முன்பு, டாக்டர் மோட்டே என்ற டிஜே பெர்லினில் நூற்றைம்பது பேரோடு லவ் பரேடைத் தொடங்கினார். அதனால் ஈர்க்கப்பட்ட மாரெக் க்ரின்ஸ்கி என்ற கணித மாணவர், 1992-ல் சூரிக்கில் அதேபோல ஒன்றுக்கு அனுமதி வாங்கினார். எப்படி வாங்கினார் தெரியுமா? ஆர்ப்பாட்டம் என்று. அன்பு, சுதந்திரம், பெருந்தன்மை, சகிப்புத்தன்மை ஆகியவற்றுக்கான ஆர்ப்பாட்டம். முதல் வருடம் வந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கும். 1994-ல் நகர நிர்வாகம் தடை போடப் பார்த்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பியதும் அனுமதி கொடுத்துவிட்டது. ஆர்ப்பாட்டத்துக்கு யாராவது டிக்கெட் போடுவார்களா?

இன்று நடத்துவது லாப நோக்கமில்லாத ஒரு சங்கம். ஸ்பான்சர்களும் வழியில் இருக்கும் குடிபானக் கடைகளும்தான் வருமானம். அதனால் ஒன்றிரண்டு குடிபானமாவது அவர்கள் கடையில் வாங்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன்.

டெக்னோ, ஹவுஸ், டிரான்ஸ் எதுவுமே எனக்குத் தெரியாது. தெரியாம போனா போர் அடிக்குமா?

எனக்கும் தெரியாது, அப்படித்தான் போனேன். அடிப்படை இவ்வளவுதான்: ஹவுஸ் சிகாகோவில் பிறந்தது, டெக்னோ டெட்ராய்ட்டில். இரண்டுமே 1980-களில் கறுப்பின இளைஞர்கள் டிரம் மெஷினையும் சின்தசைசரையும் வைத்து உருவாக்கியவை. ஹவுஸ் நிமிடத்துக்கு 120 முதல் 130 தாள அடி, டெக்னோ அதற்கும் மேலே போகும். டிரான்ஸ் மெதுவாக ஏறி ஏறி ஓர் இடத்தில் உடையும். அதன் ஒரு கிளைக்குப் பெயரே கோவா டிரான்ஸ், நம் கோவா கடற்கரைதான்.

தாளம் மாறாமல் வருவதைக் கேட்டு முதல் பத்து நிமிடம் ‘என்ன இது, ஒரே மாதிரி’ என்று தோன்றும். பறையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் ஒரே அடிதான் திரும்பத் திரும்ப வரும், ஆனால் கால் நிற்காது. டிஜே பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போக வேண்டாம். லாரி நகர்ந்துகொண்டே இருக்கும், பிடித்த லாரிக்குப் பின்னால் நடங்கள், சலித்தால் நின்றுவிடுங்கள், அடுத்தது வரும்.

விசாவுக்கு என்ன காட்டறது? டிக்கெட்டே இல்லாத விழாவுக்குப் போறேன்னு சொன்னா நம்புவாங்களா?

சாதாரண சுற்றுலா ஷெங்கன் விசா போதும், விழா டிக்கெட்டை யாரும் கேட்பதில்லை. தங்குமிட முன்பதிவு, திரும்பி வரும் விமான டிக்கெட், வங்கிக் கணக்கு விவரம், ஆபீஸ் லீவ் கடிதம், முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத பயண மருத்துவக் காப்பீடு. காரணத்தை மறைக்காமல் எழுதுங்கள். பெங்களூரிலேயே விண்ணப்ப மையம் இருக்கிறது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது குதிரைக்கொம்பு, ஏப்ரலிலேயே முடித்துவிடுங்கள்.

பெங்களூரிலிருந்து சூரிக்குக்கு நேரடி விமானம் இல்லை. மும்பை அல்லது டெல்லி போய் அங்கிருந்து நேரடியாகப் போகலாம், இல்லையென்றால் வளைகுடா வழியாக.

தங்கறதுக்கு ரூம் விலை பார்த்தேன், தலை சுத்துது. வேற வழி?

அந்த வார இறுதியில் நகருக்குள் விலை அப்படித்தான் இருக்கும். வின்டர்தூர் அல்லது பாடன் பக்கம் தேடுங்கள். இரண்டுமே ரயிலில் அரை மணிக்குள். அன்று இரவு முழுக்கக் கூடுதல் ரயில்கள் ஓடுவதால் திரும்புவது பற்றிக் கவலை இல்லை. ஏரிக்கரைப் பக்கம் டிராம்கள் ஓடாது, நடந்துதான் ஆக வேண்டும்.

ஓர் உபாயம்: எல்லோரும் பெல்வியூவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டாடல்ஹோஃபன் ஸ்டேஷனில் இறங்குவார்கள். நீங்கள் எங்கே ஸ்டேஷனில் இறங்குங்கள். ஊர்வலம் முடியும் முனை அது. மதியம் அந்தப் பக்கம் மூச்சு விட இடம் இருக்கும், லாரிகள் உங்களைத் தேடி வரும்.

தண்ணி, சாப்பாடு எல்லாம் அங்க எப்படி? நான் சைவம்.

ஒரு பிராங்க் என்பது நூறு ரூபாய்க்கும் மேல் என்பதை நினைவில் வைத்தாலே பாதிப் பிரச்சினை புரிந்துவிடும். தண்ணீர் மட்டும் இலவசம். சூரிக்கில் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட தெரு நீரூற்றுகள் இருக்கின்றன, குடிக்கலாம் என்று போட்டிருக்கும் எல்லாவற்றிலும் நம்பிக் குடிக்கலாம். ஒரு பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு போங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம், உடைந்தால் யாரோ ஒருவரின் காலில்தான் ஏறும்.

சாப்பாட்டுக்கு நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் சுவிட்சர்லாந்தில் பல்லாயிரம் பேர். லாங்ஸ்ட்ராஸே பக்கம் தமிழ்க் கடைகளில் அரிசி, கறிவேப்பிலை, ரோல்ஸ் எல்லாம் கிடைக்கும். சைவமா என்று கேட்டு வாங்குங்கள், ரோல்ஸில் பெரும்பாலும் மட்டனோ மீனோ இருக்கும். முதல் முறை அந்தக் கடையில் நான் பேசிய தமிழைக் கேட்டுவிட்டு ‘நீங்கள் இந்தியாவோ?’ என்று ஒரு அண்ணா கேட்டதும், எட்டு மாதத்தில் முதல் முறையாக ஊரில் இருப்பது போல இருந்தது.

டிரெஸ் எப்படி? படத்துல எல்லாரும் ரொம்பக் கம்மியா போட்டிருக்காங்களே.

சிலர் நீச்சலுடையில், சிலர் உடம்பெல்லாம் ஜிகினாவில், சிலர் ஆபீஸ் சட்டையில். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. நான் குர்தாவில்தான் போனேன். உடையைவிட செருப்புதான் முக்கியம்: கால் முழுக்க மூடிய, பழகிய ஷூ. காலையில் வெயில் அடித்தாலும் மெல்லிய மழைக்கோட்டு ஒன்று பையில் இருக்கட்டும். மழை வந்தாலும் பரேட் நடக்கும்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். நம் ஊர்ப் பையன்கள் சிலர் அரைகுறை உடையில் ஆடும் பெண்களைக் கேட்காமல் படம் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். எடுக்காதீர்கள். வேண்டுமென்றால் கேளுங்கள், பலர் சந்தோஷமாக நிற்பார்கள். வேண்டாம் என்றால் போனை உள்ளே வையுங்கள்.

காதுக்கு ஒண்ணும் ஆகாதே?

ஆகும், ஒன்றும் செய்யாமல் விட்டால். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது வேலையிடங்களுக்கான பொதுக் கணக்கு. அதற்கு மேல் மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறையும். 88-க்கு நாலு மணி நேரம், 91-க்கு இரண்டு. இப்படியே போனால் 100 டெசிபலுக்கு வெறும் பதினைந்து நிமிடம். சுவிஸ் சட்டம் இசை நிகழ்ச்சிகளில் அனுமதிக்கும் உச்ச சராசரி அந்த 100-தான். அதனால்தான் சத்தம் அதிகமாகும் நிகழ்ச்சிகளில் காதடைப்பான் இலவசமாகத் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பரேடிலும் கொடுப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

மஞ்சள் பஞ்சு மாதிரி இருக்கும். விரலால் மெல்லிசாக உருட்டி, மற்ற கையால் காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை விரலை எடுக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். பலர் காதின் வாசலில் சொருகிவிட்டு ‘வேலை செய்யலை’ என்கிறார்கள். சரியாக வைத்தால் பேஸ் என்ற தாழ்ந்த அதிர்வு நெஞ்சில் கேட்கும், இரைச்சல் மட்டும் போய்விடும்.

போன் வேலை செய்யுமா? கூட்டத்துல பிரிஞ்சுட்டா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நெட்வொர்க் திணறும், நம்பாதீர்கள். காலையிலேயே ஓர் இடமும் இரண்டு நேரங்களும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ‘பிரிந்தால் ஆறு மணிக்கு, இல்லையென்றால் எட்டு மணிக்கு’ என்பது போல. இடம் ஊர்வலப் பாதையில் இருக்கக் கூடாது. நாங்கள் வைத்தது லிண்டன்ஹோஃப். பழைய நகரத்துக்குள் ஒரு சிறு மேடு, லிண்டன் மரங்கள், ஒரு நீரூற்று, பெரிய பெரிய காய்களை வைத்து செஸ் விளையாடும் தாத்தாக்கள். ப்யூர்க்லிப்ளாட்ஸிலிருந்து கால் மணி நடை. அன்றைக்குக்கூட அங்கே அமைதியாக இருந்தது.

பாஸ்போர்ட்டை அறையில் பத்திரமாக வைத்துவிட்டு நகல் எடுத்துப் போங்கள். தங்குமிடத்தின் முகவரியை ஒரு தாளில் எழுதிப் பாக்கெட்டில் வையுங்கள்.

பொண்ணுங்க தனியா போகலாமா?

போகலாம். பகலில் எனக்கு ஒரு சங்கடமும் வரவில்லை. இருட்டிய பிறகு, அங்கே ஆகஸ்டில் சூரியன் மறையவே ஒன்பது மணி ஆகிவிடும், குடித்தவர்கள் அதிகமாவார்கள். அப்போது உரசல், இடுப்பில் கை வைப்பது எல்லாம் அங்கேயும் நடக்கும். ஒரு முறை எனக்கு நடந்தது. சத்தமாக ‘நைன்’ (ஜெர்மனில் ‘இல்லை’) என்று கத்தினேன், பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் உடனே என்னைத் தங்கள் நடுவில் இழுத்துக்கொண்டார்கள். தயங்காமல் கத்துங்கள். போலீஸ் 117, ஆம்புலன்ஸ் 144, எது மறந்தாலும் 112.

அங்க எல்லாரும் மாத்திரை போடுவாங்களாமே? யாராவது குடுத்தா என்ன பண்றது?

எல்லோரும் இல்லை. ஆனால் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? அங்கேயும் அது சட்டவிரோதம்தான். ஆனாலும் சூரிக் நகரமே இலவசப் பரிசோதனையும் ஆலோசனையும் நடத்துகிறது, பரேட் அன்றும் உண்டு. வாங்கியவர் நினைத்த பொருள் ஒன்றாகவும், மாத்திரைக்குள் இருப்பது வேறாகவும், அல்லது இரண்டு மடங்கு வீரியமாகவும் இருப்பது அங்கே அடிக்கடி தெரியவருகிறது. யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். திறந்த குடிபானத்தையும் வாங்காதீர்கள்.

கூட வந்தவர் யாராவது உடம்பு கொதிக்க, பேச்சு குழற நின்றால், மாட்டிக்கொள்வோமோ என்று ஒளிக்காதீர்கள். நிழலுக்குக் கொண்டு போய், முதலுதவி முகாமைத் தேடுங்கள் அல்லது 144. என்ன எடுத்தார் என்று உண்மையைச் சொல்லுங்கள். தனியாக மட்டும் விடாதீர்கள்.

ஏரியில குதிக்கிறாங்களே, நாமளும் குதிக்கலாமா?

வேண்டாம். வெயிலில் ஆடிவிட்டு, குடித்துவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் குதிப்பது உயிரோடு விளையாடுவது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஏரிக் குளியல் துறைக்குப் போங்கள், அது தனி சுகம்.

கூட்ட நெரிசல் நெனச்சா பயமா இருக்கு. சின்னசாமி ஸ்டேடியம் மாதிரி ஆயிட்டா?

இந்தக் கேள்வி 2025 ஜூனுக்குப் பிறகு எல்லோரிடமிருந்தும் வருகிறது. ஜூன் 4 அன்று ஆர்சிபி வெற்றிக் கொண்டாட்டத்துக்குத் திரண்ட கூட்டத்தின் நெரிசலில் சின்னசாமி வாசலில் 11 பேர் இறந்தார்கள். என் டீமிலிருந்து மூன்று பேர் அங்கே போயிருந்தார்கள். இரவு ஒன்பது மணிக்குக் கடைசி ஆள் போனை எடுக்கும் வரை நாங்கள் யாரும் சாப்பிடவில்லை. அதனால் இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவே மாட்டேன்.

இந்த விழாக் குடும்பத்திலும் ஒரு பெரிய துக்கம் உண்டு. முன்னே சொன்ன லவ் பரேட் 2010 ஜூலை 24 அன்று ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் நடந்தது. திறந்த தெருவில் இல்லை, வேலி போட்ட ஒரு பழைய சரக்கு ரயில் நிலைய மைதானத்தில். சுரங்கப்பாதைகளைக் கடந்து ஒரு சரிவுப் பாதையில் ஏறித்தான் உள்ளே போக வேண்டும், வெளியே வருவதும் அதே வழி. போகிறவர்களும் வருகிறவர்களும் அங்கே மோதிக்கொண்டார்கள். 21 பேர் இறந்தார்கள். லவ் பரேட் அதோடு நின்றுபோனது, திரும்ப நடக்கவே இல்லை.

இப்படிப்பட்ட நெரிசல்களில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் மிதி அல்ல, அழுத்தம். ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் நிற்கும்போது கூட்டம் தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது, அலை அலையாக நகரும். நெஞ்சு விரிய இடமில்லாமல் நின்றபடியே மூச்சு நின்றுவிடும். அதனால் நான் பார்ப்பது கூட்டத்தின் எண்ணிக்கையை அல்ல, வெளியே போகும் வழியை. சூரிக்கில் ஏரிப் பக்கம் தண்ணீர் என்றாலும், மறுபக்கம் நகருக்குள் நிறையத் தெருக்கள் பிரிகின்றன. பாலம் மட்டும் விதிவிலக்கு. கேப்ரூக்கேயில் இரண்டு பக்கமும் தண்ணீர், கிளைத்தெரு இல்லை. உச்ச நேரத்தில் நான் அதில் ஏறுவதில்லை, மதியமே கடந்துவிடுவேன்.

தெருவில் நிற்கும்போது ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். கையை உயர்த்தி முகத்தைச் சொறிய முடிகிறதா? முடிந்தால் பரவாயில்லை. யார் மேலும் இடிக்காமல் கையை அசைக்கவே முடியவில்லை என்றால் அப்போதே கிளம்ப வேண்டும், பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும். அதற்குள் மாட்டிக்கொண்டால் முழங்கையை மடக்கி இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், நெஞ்சுக்கு ஒரு சாண் இடம் கிடைக்கும். அலையை எதிர்த்துத் தள்ளாதீர்கள். அது தளரும் நொடியில் பக்கவாட்டில், சாய்வாக ஓரத்தை நோக்கி இரண்டடி நகருங்கள். திரும்ப அலை வந்தால் நில்லுங்கள், தளர்ந்தால் இரண்டடி. சுவரோரம், கம்பியோரம் ஒட்டாதீர்கள். கீழே விழுந்தது போனாக இருந்தாலும் குனியாதீர்கள். யாராவது விழுந்தால் உடனே கையைப் பிடித்துத் தூக்குங்கள். சிவாஜிநகர் மாதா கோயிலில் செப்டம்பர் 8 தேர் அன்று என் பாட்டி செய்வதும் இதுதான். தேருக்குப் பக்கத்தில் போக மாட்டார், ஒரு சந்தின் வாயில் நின்றபடி கும்பிட்டுவிட்டு அந்தச் சந்து வழியே வீட்டுக்கு வந்துவிடுவார்.

அம்மா அப்பாவைக் கூட்டிட்டுப் போகலாமா?

நான் கூட்டிக்கொண்டு போனேன், அம்மாவுக்கு அப்போது 61. எங்கே முனையில் இறங்கினோம், பூங்காப் பக்கம் மரத்தடியில் ஜமுக்காளம் போட்டோம். காதில் பஞ்சு, தலையில் என் தொப்பி, மடியில் எலுமிச்சை சாதம் டப்பா. முதல் லாரி வந்தபோது அம்மா முகத்தைச் சுளித்தார். மூன்றாவது லாரி தாண்டும்போது பார்த்தால், ஸ்பூன் டப்பாவின் விளிம்பில் தானாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் வெள்ளிச் சாயம் பூசிய ஒரு வயதானவர் ஆடிக்கொண்டே வந்து கைகூப்பினார், அம்மாவும் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார். ‘பல்லக்கு மாதிரி இருக்கு, சாமிதான் இல்லை’ என்றார். நாலு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டோம்.

முட்டி வலி, பிபி இருந்தால் இதே அளவோடு நிறுத்துங்கள்: மதியம், ஓரமாக, மூன்று மணி நேரம். கழிப்பறைக்கு வரிசை நீளம், முன்கூட்டியே போய் நிற்க வேண்டும். சின்னக் குழந்தைகளுக்குப் பஞ்சு போதாது, காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன் மாதிரியான காப்பு இல்லாமல் கொண்டு போகாதீர்கள்.

நம்ம பெங்களூர்ல ஏன் இப்படி ஒண்ணு நடக்க மாட்டேங்குது?

இரண்டு தடைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்க 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இடம் தரவில்லை. அது நியாயமான விதி, தூங்குகிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள். இரண்டாவது, இரண்டாம் கேள்வியில் சொன்னபடி சூரிக் பரேட் ஓர் ஆர்ப்பாட்டமாகப் பிறந்தது. இங்கே ஆர்ப்பாட்டம் என்றால் ஃப்ரீடம் பார்க் மட்டும்தான், தெருவில் போக முடியாது. அதனால் இங்கே இந்த இசை டிக்கெட் போட்ட மைதானங்களுக்குள் போய்விட்டது.

ஆனால் தெருவை ஓர் இரவு முழுக்க ஜனங்களுக்குக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இல்லாமல் இல்லை. கரக ஊர்வலத்துக்கு பேட்டைத் தெருக்கள் விடிய விடியத் திறந்திருக்கின்றன. 2017-ல் சுவிட்சர்லாந்து, சூரிக்கின் டெக்னோ கலாசாரத்தைத் தன் வாழும் மரபுகள் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ஒரு காலத்தில் தடை செய்யப் பார்த்த விஷயம் அது. நகரம் மனது வைத்தால் மாறும் என்று நான் நம்புகிறேன்.

இவ்ளோ செலவு பண்ணிப் போய், அரை மணி நேரத்துல பிடிக்கலைன்னா?

வெளியே வந்துவிடுங்கள். டிக்கெட் இல்லாததால் நஷ்டமும் இல்லை, போகும் வழியை முன்பே பார்த்து வைத்திருப்பீர்கள். லிண்டன்ஹோஃபில் ஏறி உட்கார்ந்தால் தூரத்தில் பேஸ் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும், என் தோழி ஒருத்தி அதுதான் பரேடிலேயே நல்ல இடம் என்கிறாள். இல்லையென்றால் மெயின் ஸ்டேஷனிலிருந்து எஸ்4 ரயில் பிடியுங்கள், கால் மணி நேரத்தில் அட்லிஸ்வில். அங்கே நம் முருகன் கோயில் இருக்கிறது. அம்மாவும் நானும் அன்று நாலு மணிக்குக் கிளம்பி அங்கேதான் போனோம். காதிலிருந்து பஞ்சை எடுக்க மறந்தே உள்ளே போய்விட்டார் அம்மா. மணி அடித்தபோதுதான் எடுத்தார்.